பொட்டு வைத்த வில்லை

வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வெளிநாட்டில் ஆய்வு செய்யும் சிநேகிதி எனக்கொரு தட்டை வில்லை, அதாவது லென்ஸ், அனுப்பியிருந்தாள். வளைந்த கண்ணாடியே கிடையாது. பொட்டளவு குறைகடத்தித் தகடு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான தூண்கள் நின்று ஒளியைத் திருப்பும். கமராவில் பூட்டி ஜன்னலோரம் வைத்தேன். திரையில் கடல் துல்லியமாகத் தெரிந்தது.

போன வருட வாணி விழாவன்று எங்கள் நிறுவனப் பணிப்பாளர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கம்பியூட்டர், பிரிண்டர், ஃபேன் சுவிட்ச் எதையும் விடாமல் பொட்டு வைத்தார். கடைசியில் விரல் வில்லைக்கு நீண்டது.

"சேர், அதில மட்டும் கை வைக்காதேங்கோ! பழுதாப் போயிடும்!"

"சாமி காரியத்தில குறுக்க நிக்காதேயும்," என்று சொல்லிச் சரியாக நடுவில் வைத்தார்.

திரை வெளிறிப்போனது.

"துடைச்சாச் சரிதானே?" என்று கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். தூண்கள் அத்தோடு முடிந்தன.

பிறகு விருந்தினரை அழைத்துத் திரையில் வெறும் புகைமூட்டத்தைக் காட்டினார். "கடல் என்ன வடிவா இருக்கு!" என்று அவர்கள் கைதட்டினார்கள். படித்தவர்கள்!

அவருடைய மனைவி மட்டும், "எனக்கொண்டும் தெரியேல்லையே," என்றார்.

"உமக்கு இதெல்லாம் விளங்காது."

இந்த வருட விழாவில் அந்த வில்லை சரஸ்வதி படத்தின் காலடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், புதுப் பொட்டோடு இருந்தது. "இலங்கையிலேயே எங்களிட்டத்தான் இருக்கு," என்று பணிப்பாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் தெரிந்த நானும் வரிசையில் நின்று அதைக் கும்பிட்டேன். அவலும் கடலையும் தந்தார்கள். அவல் நன்றாகத்தான் இருந்தது.