தண்ணியில எறங்காதீங்க

செங்கம் சாலை விடுதியில் என் பக்கத்து அறையில் தங்கியிருந்தவர் வெகுகாலம் படகு என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். மெலிந்த உடம்பு, வலது காது மந்தம். எந்த மோட்டார் ஓடினாலும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் காலை, என்ஜினும் பொருத்திய பாய்மரப் படகில் கடலில் இருந்த, அவருக்குப் பழக்கமான ஒரு தம்பதி அவரைப் போனில் அழைத்தார்கள். என்ஜினை ஓட்டினால் படகே அதிர்கிறதாம்.

"கியர நியூட்ரல்ல போட்டு வேகத்த ஏத்திப் பாருங்க" என்றார். அதிர்வு இல்லை.

"அப்ப என்ஜின் நல்லாத்தான் இருக்கு. அடியில சுத்துற புரொப்பெல்லர் விசிறியில வலை ஏதாச்சும் சுத்தியிருக்கும். என்ஜின நிறுத்திட்டு, பாய விரிச்சே கரைக்கு வந்துடுங்க. அறுக்கறேன்னு யாரும் தண்ணியில எறங்காதீங்க."

அவர் போனை வைத்ததும், "எறங்கி அறுத்தா சீக்கிரம் முடிஞ்சிடாதுங்களா?" என்று கேட்டேன்.

"முன்ன ஒருத்தன எறங்கச் சொன்னேங்க. அலையில படகு தூக்கி அவன் தலையில அடிச்சிடுச்சு. மேல வரவேயில்ல."

மதியம் அவர் சாப்பிடவில்லை. போனும் கையுமாக வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு மேல், இருவரும் கரை சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

"வலைதானாம்" என்றார் என்னிடம். பிறகு சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். இட்லி வாங்கிவந்து பக்கத்தில் நின்றேன். அந்த முகத்தைப் பார்த்தபின் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.