அப்பன் பேரைச் சொல்ல ஓர் ஆள்

மலையில் சாமை அறுப்பு முடிகிற சமயத்தில் எங்களுக்கு அந்த வேலை வந்தது. வாக்காளர் பட்டியலைப் புதிதாகத் திருத்தப் போகிறார்கள் என்று என்னையும் பள்ளியின் கணக்கு வாத்தியாரையும் ஆளுக்கொரு வாக்குச்சாவடிக்குப் போட்டார்கள். அதற்குட்பட்ட வீடுகளுக்குப் போய்ப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, போனில் ஏற்ற வேண்டும். எனக்குச் சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். ஜவ்வாது மலைக்கு டீச்சராக வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வாரநாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை கீழே இறங்குவேன். அந்த இரண்டு மாதம் சனிக்கிழமையும் இறங்கவில்லை.

விதி இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு திருத்தம் நடந்திருந்தது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் சரி. இல்லையென்றால் அப்பாவோ அம்மாவோ அதில் இருக்க வேண்டும். அவர்களும் இல்லையென்றால், இந்த நாட்டுக் குடிமகன்தான் என்று காட்டுகிற காகிதம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஆதார் கார்டு ஆள் யார் என்பதற்குத்தான் ஆகும், எந்த நாட்டு ஆள் என்பதற்கு ஆகாது.

கணக்கு வாத்தியாருக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவர் கட்சிக்காரர் இல்லை. எதையும் யோசித்துப் பேசுகிறவர். பேங்கில் கணக்கு ஆரம்பிக்கக் காகிதம் கேட்கிறார்கள், சிம் கார்டு வாங்கக் கேட்கிறார்கள், ஆட்சியைத் தேர்ந்தெடுக்க மட்டும் கேட்கக் கூடாதா என்பார். செத்தவர் ஓட்டும் ஊரைவிட்டுப் போனவர் ஓட்டும் விழுந்ததைத் தேர்தல் வேலையில் தானே பார்த்ததாகச் சொல்வார். நான், இந்த மலையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி ஜூன் மாதத்தில் இருக்கிறதே, அதை எழுதியது பள்ளியில் சேர்க்கும்போது நாம்தானே, அந்தக் காகிதத்தைத்தானே நாளைக்குச் சான்று என்று காட்டப் போகிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதனால்தான் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றார். இருவரும் இப்படிப் பேசிவிட்டு அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.

நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பெரும்பாலானவர்கள் பழைய பட்டியலில் இருந்தார்கள், அல்லது அவர்கள் அப்பா இருந்தார். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருந்ததுதான் குழப்பம். ரேஷன் நின்றுவிடுமா என்று சிலர் கேட்டார்கள். எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் படிவத்தில் இடமில்லை.

இடம் இல்லாமல் போன இன்னொருவர், ஊரின் கடைசி வீட்டுப் பெண்மணி. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். அவர் மகள் என்னிடம் படித்தவள், இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள், வயது பதினெட்டு. வீட்டுக்காரர் கொஞ்சம் நிலத்தில் சாமையும் கேழ்வரகும் போடுகிறார். அவருடைய பெயரும் அவர் அப்பா பெயரும் பழைய பட்டியலில் அடுத்தடுத்து இருந்தன. மனைவி பெயர் இல்லை. அந்தத் திருத்தம் நடந்தபோது அவர் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான். அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையோடு மலையை விட்டுப் போனார்களா, அங்கே போய்த்தான் இவர் பிறந்தாரா என்பது அவருக்கே தெரியாது. பிறந்தது எஸ்டேட் லைன் வீட்டில் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் இரண்டு பேரும் அங்கேயே இறந்துபோனார்கள். இந்த மலையிலிருந்து வேலைக்கு வந்தவரைக் கட்டிக்கொண்டு இங்கே திரும்பி வந்தார். அதற்கப்புறம் வந்த எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டிருக்கிறார். ஒரு முறை நானே அவர் விரலில் மை வைத்திருக்கிறேன்.

அவர் அப்பா பெயரை மலைப் பட்டியல்களில் தேடினேன். கிடைக்கவில்லை. குடகுப் பக்கத்துப் பட்டியலைத் திறந்தால் கன்னடத்தில் இருந்தது. அதிலும் லைன் வீட்டுக் கூலிக்காரர்களை யார் எழுதியிருக்கப் போகிறார்கள்? வன உரிமைப் பட்டா இருந்தால் போதும் என்று விதியில் இருந்தது. அதற்கு இவர்கள் மனு போட்டு வருஷக்கணக்காக ஆகியும் வரவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் அந்தச் சான்றும் இல்லை.

மகள் முதல் தடவையாகச் சேருகிறவள், அவள் மனுவை முதலில் நிரப்பினேன். அப்பா பெயரைப் போட்டதும் அவள் விஷயம் முடிந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எம் பொண்ணுக்கு நான் அம்மான்னு எழுதிக்கினீங்க. செரி. எனக்கு யாரு அம்மான்னு நான் இன்னாத்தக் காட்றது டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் படிவத்தில் பெற்றோருக்கான கட்டங்களை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து, விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் நான்தான். வீட்டுக்காரர் அதை வாங்கவே மாட்டேன் என்றார். ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, ஓட்டுக் கார்டு எல்லாம் இதே கவர்மெண்ட்தானே கொடுத்தது, கொடுக்கும்போது தெரியாதா என்று என்னிடம் சத்தம் போட்டார்.  அந்தப் பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார்.

தாலுகா ஆபீசில் விசாரணை நடத்தியவர் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார். எஸ்டேட் லைனில் என்றார் இவர். எந்த எஸ்டேட், எந்த ஊர் ஆஸ்பத்திரி? ஆஸ்பத்திரி எதுவும் தெரியாது. அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும் டீச்சர், எனக்கும் தெரியுது. ஆனா எதை வெச்சு எழுதுறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

அவரே ஒரு வழியும் சொன்னார். சாதிச் சான்றிதழ் வாங்கினால் போதும். அதற்கு அப்பா வழிச் சொந்தம் யாராவது தன் சான்றிதழைக் கொடுத்து, இவள் இன்னார் மகள் என்று வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. முன்னால் வாக்குமூலம் தர வேண்டும். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு சித்தப்பா இருக்கிறார் என்று இவர் சொன்னார்.

காவலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் அந்தச் சித்தப்பா இருந்தார். அங்கே இவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒரு பலா மரத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று, அப்பா மலையை விட்டே போனார் என்று மட்டும் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். இவர் திரும்பி வந்த பிறகும், சந்தையில் பார்த்துக்கொண்டால் இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம்.

பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். வழியில் வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் கூரை மரங்களுக்கு மேலே தெரிந்தது. 

சித்தப்பா வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தார். அறுபது தாண்டியவர். கூட அவர் மகன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். யார் என்று சொல்லத் தேவைப்படவில்லை. பார்த்ததும் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். சித்தி மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் விஷயத்தை விளக்கினேன். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீ எங்கண்ணன் பொண்ணுதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வாயால சொல்றதுக்கு இன்னா, நூறு பேரு முன்னால சொல்றேன். எழுத்துல எதுக்கோசரம் கேக்கறாங்கோ?"

ஓட்டுக்காகத்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

"ஓட்டுக்கோசரம் யாரு டீச்சர் இவ்ளோ தூரம் வருவாங்க? நாளைக்கி இந்தக் காகிதத்த வெச்சிக்கினு நெலத்துல பாகம் கேட்டா நான் எங்க போவேன்?"

அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவில்லை. இவர் அப்பாவின் பங்கு நிலமும் அந்த வீட்டார் கையில்தான் இருந்தது, இத்தனை வருஷமாகச் சித்தப்பாதான் உழுதுகொண்டிருந்தார். இன்னார் மகள் என்று எழுதிக் கொடுத்தால் அந்த நிலத்துக்கு ஒரு வாரிசு உண்டு என்றும் எழுதிக் கொடுத்த மாதிரி. அவர் பயம் அவருக்கு நியாயமானதுதான்.

இவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நெலம் வாணாம் சித்தப்பா. எங்கப்பன் பேர மட்டும் சொல்லு."

 பெரியவர், நிலம் வேண்டாம் என்பதையும் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். என்னை எழுதித் தரச் சொன்னார். நான் அரசாங்க வேலையில் இருக்கிறேன், இதில் கை வைக்க மாட்டேன் என்றேன். இன்றைக்கு இதை எழுத வேண்டாம், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று இவரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. மகன் ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவந்து எழுதினான். பாகம் கேட்க மாட்டேன் என்று இரண்டு வரி. மகள் சொல்லிக் கொடுத்திருந்த கையெழுத்தை இவர் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

பின்னால் கணக்கு வாத்தியாரிடம் சொன்னபோது, பதிவு செய்யாத தாளுக்கு மதிப்பே கிடையாது, தாராளமாக வழக்குப் போடலாம் என்றார். அதை அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். "சொன்னது சொன்னதுதானே டீச்சர்" என்று விட்டுவிட்டார். வீட்டுக்காரரால் அப்படி விட முடியவில்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று மனைவி கையால் சாப்பிடாமல், தானே களி கிண்டிச் சாப்பிட்டாராம். மகள் வேலூரிலிருந்து எனக்குப் போன் செய்து சொன்னாள். இரண்டு பேரையும் சமாதானம் செய்யச் சொன்னாள். நான் போகவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த நோட்டீசில் ஆரம்பித்தது, நானே போய் எதைப் பேசுவது?

ஆர்.ஐ. விசாரணைக்குச் சித்தப்பா சொன்ன நாளில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் தன் சான்றிதழ். ஆர்.ஐ. சம்பிரதாயமாக, இந்தப் பெண் உங்கள் அண்ணன் மகள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பெரியவர் அந்தக் கேள்வியை அவமரியாதையாக எடுத்துக்கொண்டார் போலிருந்தது. 

"எங்க வூட்லதான் பொறந்தா சார். உள் ரூம்ல. எங்கம்மாதான் தொப்புள்கொடி அறுத்தாங்க. அண்ணன் போறப்போ இவ அவங்கம்மா இடுப்புல இருந்தா. சண்ட சண்டதான், ஆனா பொட்டிய நான்தான் தூக்கிக்கினு போயி பஸ் ஏத்தி வுட்டேன்."

ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். நான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். அவர் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். வெளியே வந்ததும் பெரியவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

சான்றிதழ் வந்தது. ஆனால் விசாரணைக்குக் கொடுத்த தேதி தாண்டி வந்தது. இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இனிமேல் புதிய வாக்காளராகத்தான் மனுச் செய்ய வேண்டும் என்றார்கள். பதினெட்டு வயது முடிந்தவர்கள் போடுகிற அதே மனு. இரண்டாவது தடவையும் நானே நிரப்பினேன். துணைப் பட்டியல் வந்தபோது புதிதாகச் சேர்ந்தவர்களில் அம்மாவும் மகளும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். கணக்கு வாத்தியாரிடம் காட்டினேன். கடைசியில் சரியாகத்தானே வந்தது, தகுதியானவர் யாரும் விடுபடவில்லையே என்றார். இந்த ஒருவரைப் பொறுத்தவரை அவர் சொன்னது தப்பில்லை. எங்கள் இரண்டு சாவடியிலும் நோட்டீஸ் போன இன்னும் சிலர் விசாரணைக்கே வரவில்லை. கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தேர்தலன்று என்னைக் கீழே வேறு ஊரில் போட்டிருந்தார்கள். அவர் ஓட்டுப் போட்டதை நான் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். போட்டீர்களா என்று கேட்டேன். போட்டேன், கூட்டம் இல்லை என்றார். மகளுக்குப் பரீட்சை இருந்ததால் வர முடியவில்லையாம். வீட்டுக்காரர் பேசுகிறாரா என்று கேட்டதற்கு, இப்போது சாப்பிடுகிறார் என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். மகள் லீவுக்கு வந்ததும் மூன்று பேருமாகச் சித்தப்பா ஊருக்குப் போயிருந்தார்களாம். வீட்டுக்காரர் ரோட்டிலேயே பைக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். சித்தப்பா காட்டுக்குப் போயிருந்தார். சித்திதான் உள்ளே கூப்பிட்டு அந்த ரூமைக் காட்டினாராம்.

"ரூம் ஃபுல்லா புளி மூட்டைங்க டீச்சர். உள்ள போவ முடியல. நெலவாசப்படில நின்னு பாத்துட்டு வந்துட்டோம்."

வரிசை நகர்ந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.