ஐந்து அதிர்வு கூடிய குரல்

மாதத்துக்கு ஒருமுறை டண்டினொங் பக்கத்தில் ஒரு தேவாலயத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. ஒலிபெருக்கியைப் பார்ப்பது என் பொறுப்பு. அந்தக் கட்டிடத்தின் உயர்ந்த கூரையும் வெறும் செங்கல் சுவரும் சேர்ந்து மைக்கை ஊளையிட வைக்கும். ஃபாதர் பிரசங்கத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், சனம் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். ஏதோ நான்தான் ஊளையிட்டது போல.

இருபத்தைந்து வருடம் ரேடியோச் சுற்றுகள் வரைந்து சம்பளம் வாங்கியவன் நான். ரோசம் வந்துவிட்டது. இதற்கொரு பெட்டி செய்வதென்று இறங்கினேன்.

விஷயம் இதுதான். குரலை இரண்டு பாதையில் அனுப்ப வேண்டும். இரண்டிலும் சத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால்வாசி அலை பிந்தி வர வேண்டும். தடித்த குரலுக்கும் கால் அலை, கீச்சுக் குரலுக்கும் கால் அலை. அப்படி இரண்டு கிடைத்தால், அவற்றைச் சேர்த்துக் குரலை நொடிக்கு ஐந்து அதிர்வு உயர்த்தலாம். பிறகு ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குத் திரும்பும் ஒலி, முதலில் போன ஒலியோடு ஒத்துப்போகாது. ஊளை கட்டாது.

தாளில் கணக்கு அழகாக வந்தது. தாளில் எல்லாம்தான் அழகாக வரும். கெபாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் அளவு ஒன்று, மீட்டர் காட்டுவது வேறொன்று. ஒரு பாதையில் சின்னப் பிழை இருந்தாலும் குரலுக்கடியில் ஒரு நடுக்கம் கேட்கும், காய்ச்சல்காரன் பேசுவது போல. கிளென் வேவர்லி வீட்டுக் கராஜில் நான்கு மாதம் அந்த நடுக்கத்தோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொன்றாக அளந்து, சோடி சேர்த்து, சாலிடர் பண்ணி, திரும்பக் கழற்றி. காலைக் குளிரில் சரியாக இருந்தது, மத்தியானம் கராஜ் கதவில் வெயில் பட்டதும் பிழையாகிப் போகும். ஒருநாள் எரிச்சலில் பலகையைச் சுவரோடு அடித்தேன். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, கலியாணத்துக்குக்கூட ஆட்கள் இவ்வளவு பொருத்தம் பார்க்கிறதில்லை என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாக நடுக்கம் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் குரலில் எண்ணிப் பார்த்தேன். வானொலிச் செய்தியைப் போட்டுப் பார்த்தேன். சுத்தம். அடுத்த பூசையில் ஃபாதர் எவ்வளவு கத்தியும் ஊளை வரவில்லை. ஆட்கள் வந்து கை குலுக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடுவது என் மனைவிதான்; சனம் ஒரு வரியை மட்டும் சேர்ந்து பாடும். மன்னாரில் பதினைந்து வயதிலிருந்து பாடியவள். அன்றைக்கு அவள் குரல் கீபோர்டோடு ஒட்டவில்லை. அடுத்த மாதமும் அப்படித்தான். பாடகர் குழுவில் இருந்த ஒரு அன்ரி, வயது போனால் குரலும் போகும்தானே என்று ஆறுதல் சொன்னாராம். வீட்டுக்கு வரும் வழியில், உண்மையைச் சொல்லுங்கோ என்று என்னைக் கேட்டாள். சுருதி கொஞ்சம் ஏறித்தான் போகுது என்றேன். அதற்குப் பிறகு தினமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாள். மூன்றாம் மாதமும் சரிவரவில்லை. பாட்டை விட்டுவிட்டாள்.

அவள் இடத்துக்கு வந்தது ஒரு இளம் பெண், சங்கீதப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியவள். முதல் வரியிலேயே அவளும் கீபோர்டுக்கு மேலே ஏறி நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீபோர்ட் ஊளையிடாது என்று அதை நேரே ஸ்பீக்கருக்கு விட்டிருந்தேன். குரல்கள் மட்டும்தான் பெட்டிக்குள்ளால் போயின. பேச்சில் ஐந்து அதிர்வு கூடினால் யாருக்கும் தெரியாது. பாட்டில், அதுவும் கீழ்ச் சுரங்களில், சுருதியையே தூக்கிவிடும். என் தொழிலில் கற்றுக்குட்டிக்கும் தெரிய வேண்டியது இது. நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த மடையன் நான், அதை நினைக்கவேயில்லை. பெட்டியை நிறுத்திக் குரலையும் நேரே விட்டேன். அந்தப் பெண்ணின் குரல் கீபோர்டில் போய்ப் பொருந்தியது. அடுத்த வரியில் மைக் ஊளையிட்டது.

காரில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை பெட்டியில், அவள் சரியாகத்தான் பாடியிருக்கிறாள் என்றேன்.

"அன்ரி சொன்னதை விடுங்கோ," என்றாள் அவள். "முப்பது வருசமா என்ரை பாட்டைக் கேக்கிறீங்கள். பெட்டி பிழையா இருக்குமோ எண்டு உங்களுக்கு ஒருக்காக்கூடத் தோணேல்லையே?"

"இல்லை," என்றேன்.

இப்போது பாட்டு வரும்போது பெட்டியை நிறுத்தி, சத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கிறேன். மனைவியைத் திரும்பப் பாடச் சொல்லி ஃபாதரும் கேட்டார், நானும் கேட்டுப் பார்த்தேன். பதிலுரைப் பாடலை அந்தப் பெண்தான் பாடுகிறாள். சனம் முழுக்கச் சேர்ந்து பாடும் வரிக்குக்கூட மனைவி வாயைத் திறப்பதில்லை.