ஜீப் இல்லாத முப்பத்தாறு படங்கள்

பிலிம் கழுவிக் கொடுக்கிற தொழிலில் ஒரு நியாயம் உண்டு: படம் நன்றாக வந்தால் எடுத்தவர் கைராசி, வராவிட்டால் கழுவினவன் கை. ஊரில் நாலு பேர் இன்னமும் பிலிம் கேமரா வைத்திருந்து, அந்த நாலு பேருக்கும் கழுவிக்கொடுப்பது நீங்கள்தான் என்றால் நான் சொல்வது உடனே புரியும். இல்லை, நீங்கள் தையல்காரர், சமையல்காரர் என்றாலும் சரிதான். எல்லோர் பாடும் ஒன்றுதான்.

பெங்களூரில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை பிடித்து, அதன் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து இருட்டறை ஆக்கிக்கொண்டேன். ஏன் பிலிம் என்று கேட்பவர்களிடம் சொல்ல நல்ல பதில் எதுவும் கிடையாது. முப்பத்தாறு தடவைதான் அழுத்த முடியும் என்பதால் மனுஷன் கொஞ்சம் யோசிக்கிறான். அவ்வளவுதான்.

வாயைத் திறக்கக் கூடாது

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் கூடுவோம். அவரவர் படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, பெயர் எழுதாமல் மேஜையில் கலந்து பரப்பிவிடுவேன். ஒவ்வொரு படத்தைப் பற்றியும் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் சட்டம். கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரே படத்தை, நான் பிலிம் காயப்போடுகிற கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவோம். அடுத்த கூட்டம்வரை அது அங்கேயே இருக்கும். பரிசெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்தக் கிளிப்புக்காக நாங்கள் படுகிற பாடு இருக்கிறதே!

சட்டம் வந்ததற்குக் காரணம் மணலூர்பேட்டை ஏழுமலை. கரும்பு போடுகிறவர். முதல் கூட்டத்துக்கு ஒரு கன்றுக்குட்டி படம் கொண்டுவந்தார். அது பிறந்த நேரம், தாய் மாடு அதை நக்கிக் கொடுத்த விதம், பக்கத்து வீட்டுக்காரர் கண் வைத்தது என்று கால் மணி நேரம் சொன்னார். எங்களுக்கே கண் கலங்கிவிட்டது. படத்தில் ஒரு வாலும் நிறைய வைக்கோலும் இருந்தன. சின்னசேலத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மங்கை அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏழுமலை அண்ணே, நீங்க வாயால சொன்ன கண்ணுக்குட்டி ரொம்ப நல்லா இருக்குது. படத்துல இருக்கறது எங்க போச்சு?"

நம்பரைப் பாருங்கள்

அதே ஏழுமலை ஒருநாள் ரோல் ஒன்றைக் கழுவக் கொடுத்தார். பெண்ணையாற்றில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று எடுத்ததாம். கழுவிப் பார்த்தால் ஒரு படம்கூட இல்லை, பிலிம் முழுக்க வெறுமை. பழி யார்மேல் விழும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த பிலிமை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். பிலிமின் ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர்கள் உண்டு. கம்பெனியிலேயே கண்ணுக்குத் தெரியாமல் பதித்து அனுப்புவார்கள். சரியாகக் கழுவினால்தான் அவை தெரியும். நம்பர் இருந்து படம் இல்லையென்றால் கழுவினது சரி, கேமராவில்தான் கோளாறு. ஏழுமலையின் பிலிமில் நம்பர்கள் பளிச்சென்று இருந்தன. அவர் பிலிமின் நுனியைச் சுருளில் சரியாகச் செருகவில்லை. முப்பத்தாறு தடவை அவர் அழுத்தியும் பிலிம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"நம்பரும் இல்லைன்னா இன்னா சார் அர்த்தம்?" என்று கேட்டவர் கொளஞ்சி. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். "அப்போ தப்பு என்னோடது" என்று கம்பீரமாகச் சொன்னேன். அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்கிற தைரியம். அந்த வெற்று பிலிமை ஞாபகமாக என் மேஜை டிராயரில் போட்டுவைத்தேன். ஏழுமலையின் மனைவி விஷயம் தெரிந்ததும் சொன்னாராம்: "ஆத்துல நீ நகராம நின்ன மாதிரியே அதுவும் நின்னுக்கினு இருந்திருக்குது, இதுல இன்னா அதிசயம்?"

எங்கும் ஒரு ஜீப்

பெயர் எழுதாத சட்டம் கொளஞ்சியிடம் மட்டும் செல்லாது. வெள்ளிமலை மேகம் இருக்கும், கீழே பானெட் இருக்கும். மலைப்பாதை வளைவு இருக்கும், குறுக்கே வைப்பர் இருக்கும். ஒரு படத்தில் அழகான அருவி ஒன்று முழுசாக வந்திருந்தது, ஆனால் ஓரக்கண்ணாடிக்குள். எல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்தவை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சலீம் பாய்க்கு போகஸ் ஒன்றுதான் கண்ணில் படும். "மலை மங்கல், கண்ணாடி மேல இருக்கற தூசி மட்டும் ஷார்ப்" என்பார். நான் என் பங்குக்கு, முதலில் இங்கிலீஷில் சொல்லி, அப்புறம் அதையே தமிழிலும் சொல்வேன். இரண்டு மொழியில் படித்தவர்களுக்கு வருகிற வியாதி இது.

கொளஞ்சி ஒரு வருஷமாக மேஜைக்கு வருகிறார். கொடியில் ஒரு படம்கூட ஏறவில்லை. மற்ற எல்லோருடையதும் ஏறிவிட்டது, ஏழுமலையின் வைக்கோல்போர் உட்பட. ஜீப் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு இறங்கி நின்று படம் எடுக்க முடியுமா என்பது அவர் கட்சி. எடுத்தே ஆகவேண்டும் என்பது எங்கள் கட்சி. கடைசியில் ஒருநாள் எழுந்து நின்றார்: "சார் இங்கிலீஷ்ல ஒருவாட்டி திட்டறாரு, தமிழ்ல ஒருவாட்டி திட்டறாரு. நா எறங்கியே எடுத்துக்கினு வரேன். அடுத்த மாசம் அந்தக் கொடியில என் படம் தொங்கலன்னா, கேமராவ பாய் கடையில வச்சிட்டு ஜீப்ப மட்டும் ஓட்டறேன்."

இறங்கினார்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அந்த மாதம் அவரிடமிருந்து வந்த போன்களில் தெரிந்தது. வெயில் முகத்துக்கு நேராக அடித்தால் லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும், புகை பிலிமில் விழுமா, ஆளிடம் சொல்லிவிட்டு எடுப்பதா சொல்லாமல் எடுப்பதா. சவாரி இல்லாத நாளில் சாமை வயல்களுக்கு நடந்தே போயிருக்கிறார். பொறுக்க முடியாமல் போனால் சவாரியோடும் நிறுத்தி இறங்கியிருக்கிறார்.

மாதக் கடைசியில் ரோலை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார், குலுங்கக் கூடாதாம். "இதுல ஜீப்பு கெடையாது சார். முப்பத்தாறுலயும் தேடிப் பாருங்க, ஒரு போல்ட்டுகூட சிக்காது" என்றார். பாதி வழியில் நிறுத்தியதற்கு ஜீப்பில் இருந்தவர்கள் கோபப்படவில்லையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா கத்தியதை அப்படியே நடித்துக் காட்டினார்: "யோவ் கொளஞ்சி, வாயத் தொறந்து பாத்துக்கினு நிக்கறியே, நேத்து இல்லாத மலையா இது?"

இரண்டு பாட்டில்

இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பிலிம் கழுவ இரண்டு மருந்து. முதலாவது படத்தை வெளியே கொண்டுவரும். இரண்டாவது, வந்த படத்தை நிலைநிறுத்தி மிச்சத்தைக் கரைத்துவிடும். மாற்றி ஊற்றினால், வராத படத்தையும் மிச்சம் என்றே நினைத்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். என்னிடம் இரண்டும் ஒரே மாதிரி பழுப்புப் பாட்டிலில், அருகருகே. லேபிள் ஒட்டியதில்லை. என் கைக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

பட்டப்பகல். கரண்ட் வேறு போயிருந்தது. கொளஞ்சியின் ரோலை வெளிச்சம் புகாத டாங்க்கில் ஏற்றி மூடி, முதல் மருந்தை ஊற்றி, நிமிஷக் கணக்கு பார்த்து ஆட்டி, திரும்ப வடித்தபோது காடி வாசனை வந்தது. அந்த வாசனை இரண்டாவதாக வரவேண்டியது. திறந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது பிலிம். படம் இல்லை. ஓரத்தில் நம்பரும் இல்லை.

டிராயரில் ஏழுமலையின் வெற்று பிலிம் இருந்தது, நம்பர்களோடு. அதை எடுத்து, ஆறு ஆறாக வெட்டி, உறையில் போட்டு, மேலே 'கொளஞ்சி' என்று எழுதினேன். பிலிம் சுருளில் மாட்டவில்லை என்று சொல்லிவிடலாம். பாவம், அவரும் நம்பிவிடுவார். என் இடத்தில் இருந்தால் நீங்கள் இதைச் செய்திருக்க மாட்டீர்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். எழுதின மை காய்வதற்குள் போன் அடித்தது. "கழுவியாச்சா சார்?" என்றார் கொளஞ்சி. காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை. அவர் சொன்னார்: "எல்லாம் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு தேறுனா போதும்."

மேஜை மேல்

ஞாயிற்றுக்கிழமை. என் பையில் இரண்டு உறைகள் இருந்தன, ஒன்றில் பொய் பிலிம், ஒன்றில் உண்மை பிலிம். மற்றவர்களுடைய பிரிண்ட்களைப் பரப்பினேன். கொளஞ்சி அவற்றில் தன் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியாக, நம்பர் இல்லாத உண்மை பிலிமிலிருந்து ஒரு துண்டை எடுத்து நடுவில் வைத்தேன். நேர்மை என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். ஏழுமலையின் பிலிம் வேறு கம்பெனி, ஓரத்திலேயே பெயர் போட்டிருக்கும், எப்படியும் மாட்டியிருப்பேன். அது மட்டும்தான் காரணமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"இன்னாது இது, போகஸ் எங்கன்னே தெரியல" என்றார் சலீம் பாய். "என்னுதுதான் மறுபடியும் வந்துடுச்சோ?" என்று பதறினார் ஏழுமலை. கொளஞ்சி அதை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மேல் ஓரம் பார்த்தார். கீழ் ஓரம் பார்த்தார். "நம்பர் இல்ல" என்றார். அப்புறம் மெதுவாக, "அப்ப இது சார் எடுத்த படம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன்.

மங்கை டீச்சர்தான் கேட்டார்: "கொளஞ்சி, இன்னா எடுத்த? சொல்லு." சொன்னார். முதல் படத்திலிருந்து வரிசையாக முப்பத்தாறும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இவர்களும் சும்மா விடவில்லை. "அந்த வளைவுல இடதுபக்கம் கரண்டு கம்பம் வருமே?" "வருது டீச்சர்." "அப்ப அது தேறாது." "தேறாதுதான்." இப்படியே பதினெட்டு படங்கள் விழுந்தன. பத்தொன்பதாவது: களத்தில் ஒருத்தி சாமை தூற்றுகிறாள். வெயில் எதிர்ப்பக்கம். தூசி மொத்தமும் வெளிச்சமாகி அவள் முகத்தை மறைக்கிறது. முறம் பிடித்த இரண்டு கை மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. சலீம் பாய் போகஸ் எங்கே என்று கேட்கவில்லை.

மங்கை எழுந்து, அந்த வெற்றுத் துண்டைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். கொளஞ்சி போய் அதைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வேணாம் டீச்சர். வாயால சொன்ன படத்த மாட்டக் கூடாது. அன்னிக்குக் கண்ணுக்குட்டிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" அந்த மாதம் கொடி காலியாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வழக்கம்போல இங்கிலீஷில் தொடங்கித் தமிழுக்கு வந்தேன். கொளஞ்சி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, படியில் இறங்குமுன் திரும்பி ஒன்றே ஒன்று சொன்னார்: "ரெண்டு பாஷ படிச்சீங்க சார், ரெண்டு பாட்டிலு அடையாளம் தெரியலியே."

ஒன்று, இரண்டு

கேமரா இந்நேரம் சலீம் பாய் கடையில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் போன் இல்லை. பதினோராம் நாள் மதியம் படியேறி வந்தார். தோளில் கேமரா, கையில் ஜீப்புக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்ட் டப்பா. வா என்று சொல்வதற்குள் இருட்டறைக்குள் போய், எது முதல் மருந்து என்று என்னைக் கேட்டு, ஒரு பாட்டிலில் பெரிதாக 1, இன்னொன்றில் 2 என்று எழுதிவிட்டு, ஊதிக் காயவைத்தார். "சாமை தூத்தி முடிச்சிட்டாங்க. அந்தப் படம் அவ்ளோதான்" என்றார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் அப்போது மங்கையின் ரோலைக் கழுவ ஆரம்பித்திருந்தேன். "ஊத்துங்க சார், நா பாக்கறேன்" என்று கதவருகில் நின்றுகொண்டார். பாட்டிலை எடுத்து, நம்பரைப் பார்த்து, மோந்து பார்த்து, மறுபடி நம்பரைப் பார்த்தேன். எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்தை மேஜையில் பார்த்தேன். பிரிண்ட் போட்டவன் நானே, வேறு வழி? மஞ்சள் 1 போட்ட பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, மூக்கைச் சுருக்கி ஒரு ஆள். ஜீப்பின் போல்ட்டுகூட இல்லை. ஏழுமலை சிரித்துச் சிரித்து இருமினார். மங்கை ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டு கிளிப்பை எடுத்துக் கொளஞ்சி கையிலேயே கொடுத்தார்கள். அவர் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். இப்போது பேசலாம், சட்டம் முடிந்தது. "பயம் நல்லா விழுந்திருக்குது சார்" என்றார். "போகஸும் கரெக்டா அங்கதான் இருக்குது."

அந்த நெகட்டிவின் ஓரத்தில் நம்பரெல்லாம் பளிச்சென்று தெரிவதால், அதில் இருக்கிற முகத்துக்கு மட்டும் கழுவினவனைக் குறை சொல்ல வழியில்லை.