கரும்பலகையில் தினம் ஒரு தப்பு

சமையலறையில் டப்பா மூடி ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி ஓய்ந்தது. அதன் பின்னாலேயே ஒரு ஆண் குரல்: "அய்யய்யோ!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த போர்டு அக்காவுக்கு அந்த ஒரு அய்யய்யோ போதும். இருபத்தேழு வருடக் குடித்தனம் அல்லவா? பால் பொங்கினால் கணவருக்கு ஒரு அய்யய்யோ, கை சுட்டால் இன்னொன்று. இது மூன்றாவது ரகம். செய்யக் கூடாததைச் செய்து, அது கைவிட்டுப் போன பிறகு வருகிற ரகம். நிமிர்ந்து பார்த்தாள். விருந்தாளியின் முதுகுக்குப் பின்னால், திரைச்சீலையை விலக்கித் தலையை மட்டும் நீட்டிய கணவர், சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். உப்பு! சர்க்கரைக்குப் பதில் உப்பு!

எதிரே தலைமை அலுவலக அதிகாரி டீ கிளாசும் கையுமாக இருந்தார். முதல் வாய் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

"டீ எப்படி சார் இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார் அவர். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணோரம் மட்டும் லேசாகப் பளபளத்தது.

வேறொரு நாளாக இருந்தால் போர்டு அக்கா பதறிக் கிளாசைப் பிடுங்கியிருப்பாள். இன்று கை எழவில்லை. இருவருக்கும் நடுவே மேஜைமேல் ஒரு பழுப்பு உறை கிடந்தது. அதில் அவளுடைய பதினொரு வருட நாற்காலிக்கு உலை வைத்திருந்தார்கள். நாற்காலியைப் பறிக்க வந்தவர் இரண்டு வாய் உப்புத் தண்ணீர் குடித்தால் குடிமுழுகியா போய்விடும்? குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் செருப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதித் தலைவி. பத்தொன்பது வயதில் அட்டை மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். படிப்படியாக ஏறி, ஒரு நாள் தலைவி ஆனாள். எந்தச் செருப்பு எந்தப் பெட்டியில் என்று தினமும் காலையில் கரும்பலகையில் எழுதிப் போடுவதால் பெண்களுக்கு அவள் போர்டு அக்கா. ஆன முதல் வாரமே கரும்பலகையில் ஆறாம் எண் செருப்புக்கு ஒன்பதாம் எண் பெட்டி என்று எழுதித் தொலைத்தாள். இருபத்தாறு பெண்கள் அப்படியே கட்டி அனுப்பினார்கள். நானூறு பெட்டிகள் திரும்பி வந்தன. தொழிற்சாலைக் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுத அழுகையில் குழாய்க்கே வேலை இல்லாமல் போயிற்று. வெளியே வந்தபோது லேபிள் ஒட்டுகிறவள் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குக் காலையிலேயே தெரியும்க்கா."

"பாவி! ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க கத்துவீங்கன்னு நினைச்சேன். இப்ப பாருங்க, கத்தறீங்க."

அந்த இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தன் தப்பைவிட, இருபத்தாறு பேர் அதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் நெஞ்சைக் குடைந்தது. மறுநாள் காலை வேண்டுமென்றே பலகையில் ஒரு தப்பு எழுதினாள். ஒருத்தி தயங்கித் தயங்கிச் சுட்டிக்காட்டினாள். "அட, கெட்டிக்காரி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு திருத்தினாள் போர்டு அக்கா. அடுத்த நாள் இன்னொரு தப்பு. பிறகு அதுவே பழக்கமாயிற்று. சங்கு ஊதுவதற்கு முன்பே பெண்கள் பலகை முன்னால் முண்டியடித்தார்கள். இன்றைய தப்பை யார் முதலில் பிடிப்பது என்று ஒரே போட்டி. தப்பைத் தேடுகிற சாக்கில் பலகை முழுவதும் எழுத்து எழுத்தாக எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். பதினொரு வருடத்தில் அவள் பகுதியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்ததில்லை. இந்த ரகசியம் அவளுக்கும் அவள் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

மூன்று வாரம் முன்பு இந்த அதிகாரி வந்து இறங்கினார். சட்டை கசங்கியதை யாரும் பார்த்ததில்லை. பெண்கள் அரை மணி நேரத்தில் 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் குறிப்பேடும் கையுமாக மூலையில் நின்ற முதல் நாளே, பலகையில் "பெட்டிக்கு இரண்டு இடது கால்" என்று இருந்தது.

"ஏன்க்கா, ரெண்டு இடது கால் யாருக்கு? உங்க வீட்டுக்காரருக்கா?" என்று லேபிள்காரி கேட்க, பேக்கிங் பகுதியே சிரிப்பில் அதிர்ந்தது.

இஸ்திரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு தப்பு. 'தலைவிக்குக் கவனம் போதாது. பணியாளர்களிடம் மரியாதையும் இல்லை' என்று மேலே அறிக்கை போயிற்று. அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ரெண்டு நாள் நான் போர்டு எழுதறேன். நீங்க ஓரமா உக்காந்து கவனிங்க. வாயே திறக்கக் கூடாது."

வியாழக்கிழமை அவர் முத்து முத்தாக எழுதினார். ஒரு பிழை இல்லை. பெண்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமையும் அதே முத்தெழுத்துதான். ஆனால் ஆண்கள் செருப்புக்குச் சிவப்புப் பெட்டி, பெண்கள் செருப்புக்குக் கறுப்புப் பெட்டி என்று தலைகீழாக எழுதிவிட்டார். போர்டு அக்கா எழுந்து, "சார், அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா! என்ன சொன்னேன்?" என்று கையை உயர்த்தினார். அவள் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு பேரும் பலகையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், குனிந்துகொண்டார்கள். எண்ணூறு பெட்டிகள் லாரி ஏறின.

சனிக்கிழமை மதியம் அத்தனையும் திரும்பி வந்தன. அன்றைய தபாலில் தலைமை அலுவலகத்திலிருந்து இந்தப் பழுப்பு உறையும் வந்தது. போர்டு அக்காவை ஸ்டோர் ரூமுக்கு, நூல்கண்டு எண்ணுகிற வேலைக்கு மாற்றும் உத்தரவு. விதி சில சமயம் நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்டும்.

இன்று ஞாயிறு. உறையைக் கொடுத்துவிட்டு உடனே போயிருக்கலாம். அவர் போகவில்லை. டீயை இன்னொரு வாய் குடித்தார். பாதி கிளாஸ் காலி.

"ஒண்ணு கேக்கணும்மா. நேத்து அந்தப் பொண்ணுங்களைக் கேட்டேன், 'தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல'ன்னு. ஒருத்தி கூட வாய் திறக்கல. உங்க தப்பை மட்டும் கைதட்டிச் சொல்றாங்களே, ஏன்?"

"டீயைக் குடிங்க சார், சொல்றேன்."

குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. திரைச்சீலை குலுங்கியது. பின்னால் கணவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. டீ நல்லாவா இருக்கு?"

கசங்காத சட்டைக்குள் ஏதோ கசங்கியது.

"உப்பு போட்டிருக்கும்மா."

"முதல் வாயிலேயே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? உங்க வீடு. நான் வேற இப்படி ஒரு கவரோட வந்திருக்கேன். நீங்க என்ன நினைப்பீங்களோன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கிளாசைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அவங்களும் அப்படித்தான் சார்," என்றாள் போர்டு அக்கா. "சாருக்குக் கோவம் வந்துடுமோன்னு ஒரு பயம். எண்ணூறு பெட்டியையும் உப்பு டீ மாதிரி முழுங்கிட்டாங்க. எங்கிட்ட அவங்களுக்கு அந்தப் பயம் போகணும்னுதான் நான் பதினோரு வருஷமா தினம் ஒரு தப்பு எழுதறேன். வேணும்னே. இது வெளிய தெரிஞ்சா விளையாட்டு போயிடும், எழுதிடாதீங்க."

அதிகாரி குறிப்பேட்டைத் தொடவில்லை. உறையை அவள் பக்கம் தள்ளினார். "கொடுக்க வேண்டியது என் கடமைம்மா. மேல கையெழுத்து ஆயிடுச்சு."

உறையைப் பிரித்தாள். முதல் வரி, இரண்டாம் வரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். பதினொரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"சார், 'இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதி முதல்'னு போட்டிருக்கு. இந்த மாசத்துக்கு முப்பது நாள்தானே சார்?"

அதிகாரி தாளை வாங்கினார். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். "மூணு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க! டைப் அடிச்சவர் ஒருத்தர். ஒருத்தர் கண்ணுலயும் படலயா?"

"பட்டிருக்கும் சார்," என்றாள் அவள்.

திரைச்சீலைக்குப் பின்னால் துண்டு தோற்றது. கணவரின் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அதிகாரியும் சிரித்தார். சிரித்தபோது சட்டை ஒரு பக்கம் உண்மையிலேயே கசங்கிற்று. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கிளாசில் மிச்சம் இருந்ததைக் குடிக்காமல், தைரியமாக மேஜைமேல் வைத்தார்.

"மேலிடம் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நாளைக்குப் போர்டு நீங்களே எழுதுங்க."

"அப்ப ஸ்டோர் ரூம் சார்?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "உத்தரவுன்னா உத்தரவுதாம்மா. முப்பத்தொண்ணாம் தேதி வந்ததும் போயிடுங்க."

படியிறங்கிப் போய்விட்டார். போர்டு அக்கா கதவைச் சாத்தினாள்.