முள் நகர்ந்தது, பல்பு எரியவில்லை

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். ரேடியோ அலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று வகுப்பில் சொன்னதற்கு மாணவிகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்தது. மொட்டைமாடியிலிருந்து எதிரே இருந்த புளியமரம் வரை செம்புக்கம்பி இழுத்துக் கட்டி, ஒரு டயோடு வழியாக மீட்டரில் இணைத்தேன். சென்னை வானொலி பாடுகிற நேரத்தில் முள் இரண்டு கோடு நகர்ந்தது. பேட்டரி செல் கிடையாது, கரண்ட் இணைப்பு கிடையாது. அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அதைப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் வைக்கச் சொன்ன தலைமையாசிரியருக்கு அது போதவில்லை.

"முள்ளு ஆடறத எவன் பாப்பான்? பல்பு எரியணும்மா."

"எரியாதுங்க சார். ஸ்டேஷன் ரொம்ப தூரம். வர்றது ரொம்பக் கம்மி."

கண்காட்சியன்று காலையில் போய்ப் பார்த்தால், மேசைக்கு அடியில் டார்ச் செல் இரண்டு கட்டியிருந்தது. கல்வி அதிகாரி வந்தார். பல்பு எரிந்தது. என்னை விளக்கச் சொன்னார்கள். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. விளக்கினேன்.

காற்றிலிருந்து கரண்ட் எடுத்த ஆசிரியை என்று பேப்பரில் போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி பள்ளிக்கு வந்தார். மடித்த பேப்பர் துண்டு கையில் இருந்தது.

"டீச்சரம்மா, கரண்டு கம்பம் நடறோம்னு வருஷக்கணக்கா அலைய வுடறாங்க. நீங்க சொன்ன மாதிரியே கம்பி கட்டிட்டேன். மோட்டார் ஓட மாட்டேங்குது. ஒரு வாட்டி வந்து பாருங்க."

தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

போனேன். கிணற்றுக்கு மேலே இரண்டு பனைமரத்துக்கு நடுவில் புதுக் கம்பி பளபளத்தது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மாடுகளை விற்றுத்தான் மோட்டாரும் கம்பியும் வாங்கினாராம். பக்கத்தில் வேர்க்கடலைச் செடி வாடி நின்றது.

"இதுல மோட்டார் ஓடாதுங்க," என்றேன். "அன்னிக்கு பல்பும் இதுல எரியல. அடியில செல்லு வச்சிருந்தாங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா எங்க மாடு எங்ககிட்ட இருந்திருக்கும்."

விவசாயி என்னைத் திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியை அவிழ்க்க மரத்தில் ஏறினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

கடலை அத்தனையும் காய்ந்துபோனதாகவும், அவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகவும் அந்த ஊர் மாணவி ஒருத்தி பிறகு சொன்னாள். நான் இன்னும் எட்டு வருடம் அதே பள்ளியில் அதே பாடத்தை நடத்தினேன்.