கதவுச் சீலையின் ஏழாவது படம்

பச்சை நிறச் சீலை அது. மேற்பாதி வெயிலில் வெளுத்திருக்கும். ஓரத்தில் ஒரு கிழிசல், அதன்மேல் வேறொரு பச்சை நூலால் போட்ட தையல். கற்பிட்டியில் எங்கள் வீட்டு முன்வாசலில் திரையாகத் தொங்கியது. கடலை ஒட்டிய களப்பிலிருந்து காற்று வந்தால் உள்ளே ஒரு மூச்சை இழுத்து, ஆறுதலாக வெளியே விடும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏழு படங்களாகத்தான் வருகிறது, ஒன்றன்பின் ஒன்றாக. என் ராத்தா அதை ஏழு படங்களாக வரைந்திருந்தாள். எனக்கு நான்கு வயது மூத்த அக்கா.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தோம். அதில் சண்டை, துவக்குச் சூடு ஒன்றும் கிடையாது. ஒருவன் காணாமல்போன தன் கழுதையைத் தேடி வீடு வீடாகப் போய்க் கேட்பான், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துத் தெருக்களில் கழுதைகள் தம்பாட்டில் திரிவதால் அது எங்களுக்கு மிக நியாயமான கதையாகப் பட்டது. கேட்கக் கேட்க வழி திறக்கும், தோணி கிடைக்கும், உச்சமுனைத் தீவு வரை போகலாம். படங்கள் ராத்தாவின் வேலை. அவற்றை அசைய வைப்பதும் பேச வைப்பதும் என் வேலை. இலவசமாகக் கிடைத்த மென்பொருளில் உரையாடலுக்கென்று ஒரு பக்கம் ஆயத்தமாகவே இருந்தது: இடப்பக்கம் முகம், வலப்பக்கம் சாம்பல் நிறப் பெட்டியில் பேச்சு, கீழே தெரிவுசெய்ய நாலு கேள்வி. எனக்கு அது போதும். ராத்தா ஒரு தரம் பார்த்தாள்.

"இது கதைக்கிற மாதிரியாடா இரிக்கி? பொலிஸில வாக்குமூலம் எடுக்கிற மாதிரி இரிக்கி."

வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் யாராவது வந்து "வாப்பா இரிக்கிறாரா?" என்று கேட்டால், உம்மாவோ ராத்தாவோ சீலைக்கு உள்ளே நின்றுதான் பதில் சொல்வார்கள். வந்தவர் பக்கவாட்டாகத் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் கதை குறைந்ததாக நான் கண்டதில்லை. மீன் விலை, சுகம் விசாரிப்பு, பகிடி, சில நேரம் வாய்ச்சண்டைகூட அந்தச் சீலைக்கு ஊடாகப் போய் வரும். எங்கள் கேமில் கழுதை நிற்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் ஒரு பெண். அவளுக்கு முகம் வேண்டாம், சீலை போதும் என்றாள் ராத்தா.

பிறகு வாரக்கணக்கில் வாசலுக்கு எதிரே கதிரையைப் போட்டு, சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பகல்ல கண்ணத் துறந்துக்கிட்டுக் கனவா?" என்பார் உம்மா. "அது கதைக்குது உம்மா, சும்மா இருங்க" என்பாள். கோபமென்றால் சீலை இறுகி நிற்கும், உள்ளேயிருந்து யாரோ ஓரத்தைப் பிடித்திருப்பதைப்போல. யோசனையென்றால் நடுவில் ஒரு மடிப்பு விழும். சிரிப்பென்றால் கீழ்க்கரை மட்டும் நடுங்கும். அந்தச் சிரிப்புத்தான் ஏழாவது படம்.

அதற்கொரு சட்டமும் வைத்தாள். கேள்விகளை அடுத்தடுத்து அழுத்தினால் சீலை இறுகிவிடும். ஒன்றையும் அழுத்தாமல் கொஞ்சம் பொறுத்தால் உள்ளேயிருந்து ஒரு வரி வரும்: "இன்னும் நிக்கிறீங்களா?" அதற்குப் பிறகுதான் உண்மையான கதை தொடங்கும். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருக்க முடியாத எனக்கு இது பெரிய தண்டனை. அவசரத்தில் கழுதை தேடும் எங்கள் ஆளைச் சீலைக்கு நேரே முகம் பார்க்க நிறுத்திவிட்டேன். விளையாடிப் பார்த்த மாமி மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், பொம்பளயள் நிக்கிற வாசல்ல முறைச்சிக்கிட்டு நிக்கிறானே! இவன் கழுதையத் தேடி வந்தவனா, கழுதையேதானா?" ஆளைப் பக்கவாட்டாகத் திருப்பினேன். பார்வையை நிலத்தில் போட்டேன்.

அந்தத் திருத்தம் என் கையில்தான் இருந்தது, மண்டைக்குள் போகவில்லை. அரைகுறையாக முடிந்த கேமை எங்களைப்போன்ற ஆட்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் போட்டேன். எங்கோ தூரதேசத்து ஒருவர் எழுதினார்: முகப்படம் விடுபட்டிருக்கிறது. இன்னொருவரும் அதையே கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ராத்தா உம்மாவோடு மாம்புரியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தாள். அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து ஒரு முகம் வரைந்து, சீலை இருந்த இடத்தில் வைத்தேன். பழைய படங்களின் பெயரிலேயே சேமித்ததால் அவளுடைய ஏழும் அழிந்துபோயின. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. கண்கள் உயிரோடு இருக்கின்றன என்று புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்; நான் அந்த வரியில் மிதந்துகொண்டிருந்தேன்.

ராத்தா கலியாண உடுப்போடேயே வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கைவளையல்கள்கூடக் கழற்றவில்லை.

"யாருட முகம் இது?"

"உங்கடதான் ராத்தா. எல்லாரும் நல்லா இரிக்கி எண்டு..."

"என்னட்டக் கேட்டியா?"

நான் மௌஸை எடுத்து அந்தப் படத்தை மூடப் போனேன்.

"வாசல்ல நிண்டவன் கேக்காமலே சீலைய விலக்கின மாதிரி இரிக்கி. அதுவும் எங்கட வீட்டு ஆளே."

அவள் சத்தம் போடவில்லை. அந்த மணித்தியாலத்திலேயே முகத்தை எடுத்துவிட்டேன், ஆனால் திருப்பி வைக்கச் சீலை இல்லை. அதன்பிறகு ராத்தா எதுவும் வரையவில்லை. கேட்டால் "நேரமில்லடா" என்பாள். கலியாணமாகி மச்சானோடு வளைகுடாவுக்குப் போனாள். சாப்பிட்டியா, படிக்கிறியா, உம்மாக்குச் சுகமா. தொலைபேசியில் எங்கள் பேச்சு இந்த அளவில் நின்றுவிட்டது, அந்தக் கோபப் படத்தைப்போல ஒரு மடிப்புமில்லாமல்.

இந்த வருடம் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்தபோது கேமைத் திரும்பத் திறந்தேன். முன்வாசலில் இப்போது கண்ணாடிக் கதவு. பச்சைச் சீலை தையல் மெசினை மூடிக் கிடந்தது. கதவைத் திறந்து வைத்து, அதை எடுத்துக் கட்டினேன். "அவட கனவு வருத்தம் உனக்கும் தொத்திட்டா?" என்றார் உம்மா. கச்சான் காற்றுக் காலம், சீலை ஓயாமல் ஆடியது. நாள்கணக்காகக் கதிரையில் இருந்தேன். நானா அது என்று எனக்கே ஆச்சரியம். ஆறு படம் வந்தது, கோணல் மாணலாக. சிரிப்பு மட்டும் வரவில்லை. கரையைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். தூசி தட்டுவதைப்போல இருந்தது. உள்ளே யாரும் நிற்கவில்லையே.

கடைசியாக உரையாடல் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தேன். "இன்னும் நிக்கிறீங்களா?" என்பதற்குக் கீழே இருந்த நாலு கேள்விகளையும் அழித்துவிட்டு ஒரேயொரு பதில் வைத்தேன்: "ஓம். அண்டைக்குக் கேக்காம விலக்கினதுக்கு மன்னிப்புக் கேட்டு நிக்கிறன்." கேமை ராத்தாவுக்கு அனுப்பி, ஆறு படம்தான் இருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

ஒரு கிழமை ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்ப எழுதவுமில்லை. அவள் வைத்த சட்டம் எனக்குத் தெரியும்தானே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு படம் வந்தது. அதே பச்சை, அதே வேறுநூல் தையல், நடுங்கும் கீழ்க்கரை. கரைக்குக் கீழே, சீமெந்துத் தரையில், பழைய படத்தில் இல்லாத ஒன்று: மருதோன்றி வைத்த கால் பெருவிரல் நுனி. பின்னாலேயே அவளுடைய குரல் பதிவு.

"அவன் நிலத்தப் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறான். உள்ள ஆள் இரிக்கி எண்டு தெரியட்டும், கழுதைக்கு."

ஏழாவது படத்தை அதன் இடத்தில் வைத்தேன். வாசலில் கட்டிய சீலையை உம்மா இன்னும் அவிழ்க்கவில்லை. அது களப்புக் காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. ஸ்கிரீனில் எங்கள் ஆள் பக்கவாட்டாக நின்றான். நான் எதையும் அழுத்தவில்லை. பொறுத்திருந்தேன். "இன்னும் நிக்கிறீங்களா?" என்று வந்தது. இருந்த ஒரே பதிலை அழுத்தினேன். பச்சைக் கரை நடுங்கியது.